காணி ‘செட்டில்மென்ட்’ என்றால் குடியேற்றமா? ஓர் ஆங்கில வினைச்சொல்லும் வன்னி நிலமும்

2025 மார்ச் 28ஆம் திகதியிட்ட வர்த்தமானி அறிவித்தல் இலங்கையின் வடக்கு மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட காணிகளைப் பட்டியலிட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 3,669 ஏக்கர், முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. மூன்று மாதங்களுக்குள் எவரும் உரிமை கோராவிட்டால் இவை அரச காணிகளாகப் பிரகடனப்படுத்தப்படும் என்பது அதன் சாரம். அறிவித்தலுக்கு ஆதாரமான சட்டத்தின் ஆங்கிலப் பெயர் ‘லாண்ட் செட்டில்மென்ட் ஓர்டினன்ஸ்’. தமிழில் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம்.

ஆங்கிலப் பெயரைக் கேட்டதும் வன்னியில் ஒருவருக்கு எழும் முதற்கேள்வி இதுதான்: செட்டில்மென்ட் என்றால் குடியேற்றம் அல்லவா, அப்படியானால் எங்கள் காணியில் யாரைக் குடியேற்றப் போகிறார்கள்? தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டுச் சிங்களக் குடும்பங்கள் குடியேற்றப்பட்ட மணலாற்றைக் கண்ட மண்ணில் இந்த அச்சம் காரணமில்லாமல் எழுவதில்லை. ஆனால் இந்தச் சட்டப் பெயரில் உள்ள ‘செட்டில்’ ஆட்களைக் குடியேற்றுவதைக் குறிக்கவில்லை. காணி யாருக்கு உரியது என்பதை முடிவுகட்டுவதைக் குறிக்கிறது. இந்த வேறுபாடு தெரியாதவர் யாரோ வந்து குடியேறுவார்கள் என்று எல்லையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய காணியோ யாரும் வராமலே, வர்த்தமானிப் பக்கத்திலேயே அரசின் கைக்குப் போய்விடலாம்.

ஒரே வினைச்சொல் வன்னி மக்களின் வாழ்க்கையைப் பல வடிவங்களில் தொட்டிருக்கிறது. 1930களின் குடியேற்றத் திட்டம், 2009க்குப் பிந்திய மீள்குடியேற்றம், காணி நிர்ணயம், கடன் தீர்வு, மத்தியஸ்த சபை இணக்கம் எல்லாவற்றின் ஆங்கிலக் கோவைகளிலும் இருப்பது ‘செட்டில்’தான். தமிழில் வெவ்வேறு சொற்கள் இருப்பதால் பிரிந்து தெரியும் விடயங்கள், ஆங்கில ஆவணத்தில் ஒன்றுபோலத் தோன்றும். அந்தச் சொல்லை வேரிலிருந்து பார்ப்போம்.

வேர்: இருக்கை

‘செட்டில்’ ஜெர்மானிய வழிவந்த சொல். பழைய ஆங்கிலத்தில் ‘செட்ல்’ என்றால் இருக்கை. அதிலிருந்து பிறந்த ‘செட்லன்’ என்னும் வினைக்கு இருக்கையில் அமர்த்து, ஓரிடத்தில் நிலைக்க வை என்பது பொருள். உயர்ந்த முதுகுச்சாய்வுள்ள நீண்ட மரவாங்குக்கு ஆங்கிலத்தில் இன்றும் ‘செட்டில்’ என்றே பெயர். உட்காருவதைக் குறிக்கும் ‘சிட்’, வைப்பதைக் குறிக்கும் ‘செட்’, பஸ்ஸில் நாம் தேடும் ‘சீட்’ ஆகிய எல்லாம் இதன் உறவுகள்.

குடும்பம் இன்னும் பெரியது. இலத்தீனில் ‘செடேரே’ என்றால் உட்கார்தல். செஷன் என்ற அமர்வும், முன்னே அமர்பவர் என்ற பொருளில் பிரசிடென்ட் என்ற பதவிப் பெயரும், அடியில் படியும் வண்டலைக் குறிக்கும் செடிமென்டும் அதிலிருந்து வந்தவை. சமஸ்கிருதத்தில் இதே வேரின் வடிவம் ‘சத்’. உபநிடதம் என்ற பெயரின் இறுதிப் பகுதி அதுதான். ஆசானுக்கு அருகே அமர்தல் என்பது வழமையான விளக்கம்.

தமிழின் ‘அமர்’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. இருந்தும் பொருட்பரப்பு வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகிறது. பறவை கிளையில் அமர்கிறது, காற்று அமர்கிறது, சினம் அமர்கிறது, ஒருவர் வேலையில் அமர்கிறார், குடும்பம் ஓர் ஊரில் குடியமர்கிறது. இவை ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் ‘செட்டில்’ கொண்டு சொல்லலாம். ஆகவே இந்த வினையின் பாதியளவை விளங்கிக்கொள்ள ‘அமர்’ போதும்.

மறுபாதிக்குப் போதாது. பிணக்கைத் தீர்த்தல், உடன்பாட்டுக்கு வருதல் என்ற பொருள் இருக்கையிலிருந்து மட்டும் கிளைத்ததல்ல என்று சொல்லாய்வாளர்கள் கருதுகின்றனர். மத்தியகால ஆங்கிலத்தில் சமாதானப்படுத்து என்ற பொருளுடன், ஒலியால் இதற்கு மிக நெருங்கிய இன்னொரு வினை இருந்தது. ஸ்கண்டிநேவிய மொழித் தொடர்புள்ள அந்த வினை காலப்போக்கில் வழக்கொழிந்தது. அதன் பொருள் ‘செட்டில்’ உடன் கலந்துவிட்டது. அமர்தலும் தீர்த்தலும் ஒரே சொல்லில் குடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று வழங்கும் பொருள்கள்

1. படிதல், இறங்குதல். கலங்கிய நீரை அசையாமல் வைத்தால் மண் அடியில் படிகிறது, நீர் தெளிகிறது. மண்ணின் செயலுக்கே ஆங்கிலத்தில் ‘செட்டில்’. கட்டடப் பொறியியலில் அத்திவாரம் மண்ணோடு கீழிறங்குவதும் ‘செட்டில்மென்ட்’தான். முருங்கன் பக்கத்துக் கருங்களி மண் மாரியில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அத்தகைய நிலத்தில் கட்டிய வீட்டைப் பற்றிய பொறியியல் அறிக்கையில் ‘செட்டில்மென்ட் கிராக்’ என்றிருந்தால், அத்திவாரம் இறங்கியதால் சுவரில் விழுந்த வெடிப்பு என்று பொருள். வீட்டுத்திட்டக் கோவைகளில் மீள்குடியேற்றமும் இந்த வெடிப்பும் அடுத்தடுத்த பந்திகளில் வரக்கூடும்.

2. குடியேறுதல். ஒருவர் தாமாக ஓரிடத்துக்குப் போய் நிலையாகத் தங்குதல். 17ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் கடல்கடந்து குடியேறத் தொடங்கிய காலத்தில் இந்தப் பொருள் வலுப்பெற்றது.

3. குடியேற்றுதல். ஓர் அரசோ நிறுவனமோ ஆட்களைக் கொண்டுபோய் ஓரிடத்தில் இருத்துதல்.

4. ஒரு நிலத்தைக் குடியேற்ற நிலமாக்குதல். இங்கே செயப்படுபொருள் ஆட்கள் அல்ல, நிலம். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

5. முடிவுகட்டுதல், நிர்ணயித்தல். வழக்கு, பிணக்கு, விலை, எல்லை, உரித்து எதுவும் செயப்படுபொருளாகலாம். இங்கிலாந்தில் அரசுரிமை யாருக்குப் போகும் என்று வரையறுத்த 1701ஆம் ஆண்டுச் சட்டம் ‘அக்ட் ஒஃப் செட்டில்மென்ட்’ எனப்பட்டது. 1793இல் வங்காளத்தில் நிலவரியை நிரந்தரமாக வரையறுத்த ஏற்பாடு ‘பெர்மனென்ட் செட்டில்மென்ட்’. அங்கே யாரும் குடியேற்றப்படவில்லை; ஜமீன்தார்கள் கட்டவேண்டிய தொகை நிலையாக்கப்பட்டது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் ‘செட்டில்மென்ட்’ இந்த வரிசையில் வருவது.

6. கணக்குத் தீர்த்தல். கடையில் நின்ற பாக்கி, லீசிங் தவணை, காப்புறுதி இழப்பீடு. நாளாந்த இலங்கைத் தமிழில் அதிகம் புழங்குவது இதுதான். ‘லீசிங் செட்டில் பண்ணியாச்சு’ என்றால் விளக்கம் தேவைப்படுவதில்லை.

துணைச்சொல் சேர்ந்தால் பொருள் மாறும். ‘செட்டில் டவுன்’ என்பது ஓடியாடித் திரிந்தவர் ஓரிடத்தில் நிலைகொள்வது, திருமணம் செய்து குடும்பமாவது. பிள்ளை கனடாவில் செட்டில் ஆகிவிட்டான் என்று சொல்லும்போது இதுவே கருதப்படுகிறது. ‘செட்டில் இன்’ புதிய இடத்துக்குப் பழகுவது. ‘செட்டில் ஒன்’ பலவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்து முடிவெடுப்பது. ‘செட்டில் ஃபோர்’ மட்டும் கவனிக்க வேண்டியது: கேட்டது கிடைக்காதபோது அதிலும் குறைந்த ஒன்றுக்கு உடன்படுவது. ஓர் ஆங்கிலச் செய்தியில் காணி உரிமையாளர்கள் மாற்றுக்காணிக்கு ‘செட்டில் ஃபோர்’ செய்தனர் என்று வந்தால், அவர்கள் மனமுவந்து ஏற்றதாக மொழிபெயர்ப்பது தவறு. வேறு வழியின்றி அதோடு நின்றார்கள் என்பதே அதன் தொனி.

எழுவாயைத் தேடுங்கள்

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்ற பாகுபாடு உண்டு. குடியேறு என்பது தன்வினை, குடியேற்று என்பது பிறவினை. அமர், அமர்த்து என்பதும் அப்படியே. ஓர் ஒலி மாற்றத்தால் செய்தவர் யார், செய்யப்பட்டவர் யார் என்பதைத் தமிழ் காட்டிவிடுகிறது.

ஆங்கிலத்தின் ‘செட்டில்’ இரண்டுக்கும் ஒரே உருவத்தில் நிற்கும். விவசாயிகள் கிளிநொச்சியில் குடியேறினர் என்பதற்கும், அரசாங்கம் விவசாயிகளைக் கிளிநொச்சியில் குடியேற்றியது என்பதற்கும் ஒரே ‘செட்டில்ட்’. வாக்கியத்தின் எழுவாயைப் பார்த்துத்தான் பொருளைப் பிரிக்க வேண்டும். பெயர்ச்சொல்லாக ‘செட்டில்மென்ட்’ ஆகும்போது எழுவாயும் மறைந்துவிடுகிறது. 500 குடும்பங்களின் செட்டில்மென்ட் என்று ஒரு திட்ட அறிக்கை சொன்னால், அந்தக் குடும்பங்கள் போனார்களா, கொண்டுபோகப்பட்டார்களா என்பது அந்தச் சொல்லிலிருந்து தெரியாது.

தமிழின் பெயர்ச்சொல்லும் இந்த இடத்தில் நமக்குக் கைகொடுப்பதில்லை. குடியேறியதும் குடியேற்றம், குடியேற்றியதும் குடியேற்றம். அறிக்கை எழுதுவோரும் செய்தியாளர்களும் பெயர்ச்சொல்லைக் குறைத்து வினைமுற்றால் எழுத வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். ‘குடியேற்றம் நடைபெற்றது’ என்று எழுதாமல் ‘இன்னார் குடியேற்றினர்’ அல்லது ‘இன்னார் குடியேறினர்’ என்று எழுதினால் பொறுப்பு யாருடையது என்பது வாசகருக்குத் தெரியவரும்.

நிலம் செயப்படுபொருளாகும்போது

மேலே நான்காவதாகச் சொன்ன பொருள் வரலாற்றில் பெரும் பாரம் சுமந்தது. ஆட்களை விட்டு நிலத்தையே ‘செட்டில்’ செய்ததாகச் சொல்லும்போது, அந்த நிலம் அதற்கு முன் வெறுமையாக, யாருடையதும் அல்லாததாக இருந்தது என்ற எண்ணம் வாக்கியத்துக்குள் புகுந்துவிடுகிறது. வட அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இந்தப் பிரயோகம் பூர்வகுடிகளைக் கண்ணுக்குத் தெரியாதவர்களாக்கியது. நம்மவர்கள் தொழில் தேடிப் போன மலாயாவில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றைச் சேர்த்து 1826இல் அமைத்த நிர்வாக அலகுக்கும் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்’ என்றே பெயர். மலாக்கா அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே பெரிய துறைமுக நகரம்.

வன்னியிலும் இரண்டு வகைக் குடியேற்றங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இரணைமடுக் குளம் 1920களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் நிலப் பற்றாக்குறையும் வேலையின்மையும் நெருக்கியபோது, 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டு வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம், அனுமதிப்பத்திரத்தின் மூலம் அரச காணி வழங்கும் முறையை அமைத்தது. காணிக் கச்சேரி வைத்து விண்ணப்பதாரரை விசாரித்துத் தெரிவுசெய்தார்கள். பின்னர் விசுவமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்களை ஒட்டித் திட்டங்கள் விரிந்தன. மத்திய வகுப்புத் திட்டம், படித்த வாலிபர் திட்டம் என்று வகைகளும் கூடின. இங்கே மக்கள் விண்ணப்பித்துக் குடியேறினர், அரசு குடியேற்றவும் செய்தது. தன்வினையும் பிறவினையும் ஒன்றாக நடந்த இடம் இது.

1977 வன்செயலுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்களின் கதை வேறு. அவர்களைக் குடியேற்ற அரச திட்டம் எதுவும் காத்திருக்கவில்லை. உயிரைக் காக்க வந்தார்கள், காடு வெட்டினார்கள், குடிசை போட்டார்கள். ஆங்கில வழக்கின்படி அவர்கள் முழுப்பொருளில் ‘செட்டில்’ ஆனவர்கள். அலுவலகக் கோவையிலோ அத்துமீறிக் குடியிருப்போர் என்ற தலைப்பின் கீழ்ப் பதியப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. சில குடும்பங்கள் இன்றும் உரிய ஆவணம் இல்லாமல் இருக்கின்றன. ஒரே செயலைச் செய்த இருவரில் ஒருவர் குடியேறியவராகவும் மற்றவர் அத்துமீறியவராகவும் ஆவது நிலத்தில் அவர் செய்த வேலையால் அல்ல, கையில் இருந்த தாளால்.

மணலாறு இதற்கு நேர்மாறு. 1984இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலான முல்லைத்தீவுக் கரையோரக் கிராமங்களின் தமிழ் மக்கள் தம் இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அந்தப் பிரதேசத்தில் சிங்களக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. மணலாறு வெலிஓயா ஆகியது. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் ‘எல்’ வலயமாக நிர்வகிக்கப்பட்டது. திட்டத்தின் பக்கமிருந்து எழுதினால் இது ‘செட்டில்மென்ட்’, நிலத்துக்கு வந்த அபிவிருத்தி. கொக்குத்தொடுவாயில் வயல் வைத்திருந்தவர் பக்கமிருந்து எழுதினால் பறிப்பு. சொல் பொய் சொல்லவில்லை, ஆனால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. இந்தப் பின்னணியில் வளர்ந்தவர் ‘செட்டில்மென்ட்’ என்ற சொல்லைக் கேட்டுத் திடுக்கிடுவதில் என்ன வியப்பு?

‘ரீ’ என்ற முன்னொட்டு

‘செட்டில்’ முன் ‘ரீ’ சேர்ந்தால் ‘ரீசெட்டில்’. தமிழில் மீள்குடியேற்றம். ‘மீள்’ என்றதும் திரும்பிப் போதல் என்று நம் காதுக்குப் படுகிறது. ஆங்கில முன்னொட்டு அவ்வளவு உறுதி தருவதில்லை. ‘மறுபடியும் அமர்த்தல்’ என்பது மட்டுமே அதன் பொருள்; பழைய இடத்திலா, புதிய இடத்திலா என்பதை அது சொல்வதில்லை.

சர்வதேச வழக்கில் இது பெரும்பாலும் புதிய இடத்தையே குறிக்கிறது. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகரகம் மூன்று நிலையான தீர்வுகளைச் சொல்லும்: தாய்நாடு திரும்புதல், அடைக்கலம் தந்த நாட்டிலேயே இணைந்து வாழுதல், மூன்றாவது நாடொன்றுக்கு அனுப்பிக் குடியமர்த்தல். இந்த மூன்றாவதுக்கே அங்கே ‘ரீசெட்டில்மென்ட்’ என்று பெயர். உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான 1998ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகளும் இரண்டையும் பிரிக்கின்றன. சொந்த இடத்துக்குத் திரும்புவது ‘ரிட்டர்ன்’. நாட்டின் வேறொரு பகுதியில் விரும்பிக் குடியமர்வது ‘ரீசெட்டில்’. இரண்டும் சம்பந்தப்பட்டவரின் சுயவிருப்பப்படி நடக்க வேண்டும் என்பது 28ஆவது கோட்பாடு.

இலங்கை அரச வழக்கு இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தது. 2009இல் வன்னியிலிருந்து வந்த மூன்று இலட்சத்துக்கு அண்மித்த மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களில் வைக்கப்பட்டனர். அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் அறிக்கைகளில் ‘ரீசெட்டில்’ ஆனவர்கள். சொந்த வளவில் இறக்கப்பட்டவரும், உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்தவரும், வேறொரு காணியில் கூடாரம் போட்டவரும் ஒரே நிரலின் கீழ் எண்ணப்படலாம்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்பிலவு இதைத் தெளிவாகக் காட்டிய ஊர். 2012 செப்டம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறியவர்களில் அந்த ஊர் மக்களும் இருந்தனர். அவர்களுடைய ஊரில் இராணுவம் நிலைகொண்டிருந்தது. அவர்கள் சீனியாமோட்டையில் இறக்கப்பட்டனர். பின்னர் அது கேப்பாப்பிலவு மாதிரிக் கிராமம் என்று பெயர்பெற்றது. முகாம் மூடப்பட்டது, இடம்பெயர்ந்தோர் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் மக்கள் தம் ஊருக்குத் திரும்பியிருக்கவில்லை. பொருத்தமான ஆங்கில வினை ‘ரீலொக்கேட்’, வேறிடத்துக்கு மாற்றுதல். அடுத்திருந்த பிலக்குடியிருப்பு மக்கள் 2017இன் தொடக்கத்தில் படை முகாம் வாசலில் இரவும் பகலும் அமர்ந்து போராடி, மார்ச் மாதத்தில் தங்கள் காணிகளை மீட்டனர். அன்று அவர்கள் செய்தது ‘ரிட்டர்ன்’. அதற்கு முந்திய ஆண்டுகளில் அவர்கள் எந்தப் பட்டியலில் இருந்திருந்தாலும், திரும்பியவர்கள் ஆனது அன்றுதான்.

மீள்குடியேற்றப் புள்ளிவிவரம் எதையும் வாசிக்கும்போது ‘எங்கே?’ என்ற கேள்வியைச் சேர்க்க வேண்டும். எங்கிருந்து போனார்களோ அங்கேயா, அல்லது வேறெங்காவதா?

காணி நிர்ணயம்: சட்டம் எப்படி வேலை செய்கிறது

இதன் வேர் பிரித்தானியர் காலத்தில் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியிருப்பற்றும் பயிரிடப்படாமலும் கிடக்கும் காணி, மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்ற ஊகத்தை ஏற்படுத்தியது. இடைவெளி விட்டுப் பயிர் செய்யும் சேனைக் காணியும் இந்த வலைக்குள் அகப்பட்டது. வன்னி போன்ற பிரதேசத்தில் இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். சில ஆண்டுகள் பயிரிட்டு, மண் தேறுவதற்காகச் சில ஆண்டுகள் விட்டுவைக்கும் நிலம் சட்டத்தின் பார்வையில் கவனிப்பாரற்ற நிலம். அடுத்து 1897இன் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1931இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம், 20ஆம் இலக்கம், வந்தது.

நடைமுறை சுருக்கமாக இப்படி:

1. குறிப்பிட்ட காணிகள் 4ஆம் பிரிவின் கீழ் வர்த்தமானியில் அறிவிக்கப்படும்.
2. உரிமை கோருவோருக்கு மூன்று மாத அவகாசம் தரப்படும்.
3. எவரும் கோராவிட்டால் 5ஆம் பிரிவின் கீழ் அது அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படும்.
4. கோரிக்கை வந்தால் விசாரணை நடந்து, காணி யாருக்கு உரியது என்று நிர்ணயக் கட்டளை பிறப்பிக்கப்படும். வர்த்தமானியில் வெளியான கட்டளை முடிவான சான்றாகக் கொள்ளப்படும்.

இங்கே ‘செட்டில்’ செய்யப்படுவது உரித்து. செய்பவர் அரச அதிகாரி. காணிக்காரர் வாய் திறக்காவிட்டால் அந்த மௌனமே அவருக்கு எதிரான முடிவாகிறது. பலமுறை இடம்பெயர்ந்து காணி உறுதிகளை இழந்தவர்கள், உரிமையாளர் இறந்துபோன குடும்பங்கள், பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் சிதறிக்கிடக்கும் வீடுகள் நிறைந்த மாவட்டங்களில் மூன்று மாதம் என்பது எவ்வளவு சொற்பமான காலம்! எதிர்ப்பு எழுந்ததற்கு இதுவே அடிப்படை. 2025 மே மாதத்தில் அரசாங்கம் அறிவித்தலை மீளப்பெறுவதாகச் சொன்னது. ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதன் செயற்பாட்டை இடைநிறுத்தி இடைக்காலக் கட்டளை வழங்கியது. கட்டளைச் சட்டம் தொடர்ந்தும் நடைமுறையில் இருக்கிறது.

பதவிப் பெயர்களிலும் ஒரு குழப்பம் உண்டு. பிரதேச செயலகத்தில் நாம் சந்திக்கும் குடியேற்ற உத்தியோகத்தர் ஆங்கிலத்தில் ‘கொலனைசேஷன் ஒஃபிசர்’. பேர்மிட் (அனுமதிப்பத்திர) காணி, பின்னுரித்தாளர் நியமனம் போன்ற அலுவல்கள் அவரோடு தொடர்புபட்டவை. உரித்து நிர்ணயம் செய்வது காணி உரித்து நிர்ணயத் திணைக்களம். அதன் ஆங்கிலப் பெயரில்தான் ‘செட்டில்மென்ட்’ வருகிறது. தமிழில் ‘குடியேற்றம்’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து அங்கே உரித்துக் கோரிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தால், போகவேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேராமல் கிடக்கலாம்.

தீர்வும் தீராமையும்

மத்தியஸ்த சபைகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. காணிப் பிணக்குகளுக்கென விசேட மத்தியஸ்த சபைகளும் வடக்கு கிழக்கில் உள்ளன. இரு தரப்பும் உடன்பட்டால் இணக்கம் எழுத்தில் பதியப்படும். உடன்படாவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தரப்படும், அதன்பின் நீதிமன்றம் போகலாம். இங்கே எழுவாய் பிணக்குப்பட்டவர்களே. சபை தீர்ப்புச் சொல்வதில்லை, தீர்த்துக்கொள்வோர் தரப்பினர். ஒப்பமிட மறுக்கும் உரிமை எவருக்கும் உண்டு.

காப்புறுதி, இழப்பீட்டுத் தாள்களில் ‘ஃபுல் அன்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’ என்ற தொடர் வரும். இந்தத் தொகையோடு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்பது அதன் சட்டப் பொருள். கைநீட்டிப் பணம் வாங்குவது வேறு, அந்த வரிக்குக் கீழே ஒப்பமிடுவது வேறு.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். 2022இல் அரசாங்கம் ஒருமுறைக் கொடுப்பனவாக ஒரு இலட்சம் ரூபா வழங்க முன்வந்தபோது போராடும் தாய்மார் அதை நிராகரித்தனர். பணத்தின் அளவு அவர்களுடைய பேச்சல்ல. அந்தத் தொகையை வாங்கினால் பிள்ளை எங்கே என்ற கேள்வி கணக்கில் தீர்க்கப்பட்டதாகிவிடும் என்று அவர்கள் உணர்ந்தார்கள். சட்ட நிபுணர் எவரிலும் குறையாத தெளிவு அது.

வர்த்தமானி அறிவித்தல் வந்தால்

இனி ஒரு 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை கிராம அலுவலர் பிரிவின் பெயரும் நில அளவைப் படத்தின் இலக்கமும். காணி உறுதிக் காணியா, பேர்மிட் காணியா என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். பிரதேச சபைக்குச் செலுத்திய சோலைவரிப் பற்றுச்சீட்டு, வயலென்றால் கமநல சேவை நிலையத்தின் காணி இடாப்பில் உள்ள பதிவு ஆகியவை கோரிக்கைக்குத் துணையாகும். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் அற்றோர்னித் தத்துவத்தை முன்கூட்டியே ஒழுங்குசெய்ய வேண்டும், அதற்கே வாரங்கள் ஆகும். கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும், அறிவித்தலில் சொல்லப்பட்ட திணைக்களத்துக்கே அனுப்பப்பட வேண்டும். அனுப்பியதற்கான பதிவுத் தபால் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதம் எண்ணப்படுவது அறிவித்தலில் குறித்த திகதியிலிருந்து, அது ஊருக்கு எட்டிய நாளிலிருந்து அல்ல.